வாசகர் கேள்வி – பதில்: கிரேக்கக் கோயில்களும் அவற்றின் தெய்வங்களும்

சென்ற இதழில் ஏதென்ஸ் நகரத்தில் அதீனா என்ற பெண் தெய்வத்துக்குக் கட்டிய பார்த்தினான் கோயிலைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்தும் கிரேக்கக் கோயில்களைப் பற்றியே பல கேள்விகள் வந்துள்ளன. சாமி எங்கே இருந்தது, பூசை யார் செய்தார்கள், வேண்டுதலை எப்படி நிறைவேற்றினார்கள் என்று கோயிலுக்குப் போய்ப் பழகியவர்கள் கேட்கும் கேள்விகளாகவே அவற்றில் பல இருக்கின்றன. தூண்களின் அளவை மட்டும் பேசும் நூல்களில் இவற்றுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலில் சிற்பத் தூண்கள் எல்லாம் மண்டபத்துக்கு உள்ளே நிற்கின்றன. கிரேக்கக் கோயில்களின் படங்களில் தூண்கள் கட்டடத்தைச் சுற்றி வெளியே நிற்பது ஏன்? (வாசகர், தாரமங்கலம்)

வழிபாடு எங்கே நடந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். நம் கோயிலில் கோபுரத்தைத் தாண்டி, பிராகாரத்தைத் தாண்டி, மண்டபங்களைக் கடந்து கருவறையின் முன் போய் நிற்கிறோம். தரிசனமும் தீபாராதனையும் உள்ளேதான். கிரேக்கர்களுக்கோ கோயில் தெய்வத்தின் வீடு, அவ்வளவே. முக்கியமான சடங்கு அந்த வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் கிழக்கு வாசலுக்கு எதிரே, திறந்த வெளியில் இருந்த பலிபீடத்தில் நடந்தது. மக்கள் அந்தப் பீடத்தைச் சுற்றி வெயிலில் நின்றார்கள். கோயிலின் கதவு திறந்திருக்க, உள்ளே இருந்த தெய்வச் சிலை தனக்குப் படைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அந்த அமைப்பு அமைந்தது. பலிபீடம் மட்டும் இருந்து, கோயில் கட்டப்படாத புனித இடங்களும் கிரேக்கத்தில் உண்டு.

கூட்டம் வெளியே நிற்கிறது என்றால் அழகும் வெளியே தெரிய வேண்டும். ஆகவே நீள்சதுரமான கருவறையைச் சுற்றி நான்கு புறமும் தூண் வரிசை வந்தது. பார்த்தினானில் முகப்புக்கு 8, பக்கத்துக்கு 17 என்று தூண்கள் நிற்கின்றன. மேடையின் மேல்தளம் ஏறத்தாழ 31 மீட்டர் அகலமும் 69.5 மீட்டர் நீளமும் கொண்டது. ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய 10.4 மீட்டர் உயரம். கருவறைக்கு முன்னும் பின்னும் சிறு முகமண்டபங்கள் உண்டு. உள்ளே பெரும்பாலும் வாசல் வழியே வரும் வெளிச்சம்தான்.

தங்கள் ஊர்க் கோயிலில் வாலி வதைச் சிற்பம் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இராமன் நிற்கும் தூணருகிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான், வாலியின் அருகிலிருந்து பார்த்தால் இராமன் தெரிவதில்லை. பார்ப்பவர் தூண்களுக்கிடையே நடமாடுவார் என்று எண்ணிச் செய்த வேலை அது. பார்த்தினானில் சிற்பங்கள் தூண்களில் இல்லை. தூண்களுக்கு மேலே, கூரைக்குக் கீழே, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காக வைக்கப்பட்டன. தூண்களின் மேலுள்ள வரிசையில் மட்டும் 92 சதுரப் பலகைச் சிற்பங்கள் இருந்தன. கருவறைச் சுவரின் உச்சியைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையின் நீளம் 160 மீட்டர்.

கேள்வி: கிரேக்கக் கோயிலில் பூசை எப்படி நடந்தது? அர்ச்சகர் யார்? பட்டு சாத்துதல், தேர் இழுத்தல் போன்றவை உண்டா? (வாசகி, சேலம் கோட்டை)

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. முதலில் பூசை. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, கொம்பிலோ தலையிலோ நாடா கட்டி, ஊர்வலமாகப் பீடத்துக்கு அழைத்து வருவார்கள். கைகளை நீரில் நனைத்துக்கொண்டு, வாற்கோதுமை மணிகளைத் தூவி, விலங்கின் தலையில் நீர் தெளிப்பார்கள். தலையிலிருந்து சிறிது மயிரை வெட்டி நெருப்பில் இட்ட பிறகு பலி நடக்கும். தொடை எலும்புகளைக் கொழுப்பில் சுற்றிப் பீடத்தில் எரிப்பது தெய்வத்தின் பங்கு. புகை மேலே போய்த் தெய்வத்தைச் சேரும் என்பது நம்பிக்கை. ஈரலும் குடலும் கம்பியில் கோத்துச் சுடப்பட்டு அருகில் நிற்பவர்களுக்குக் கொடுக்கப்படும். மற்ற இறைச்சி வெட்டிப் பங்கிடப்பட்டு ஊர் விருந்தாகும். நம் ஊர்க் காவல் தெய்வக் கோயில்களில் கிடா வெட்டிச் சமைத்துப் பங்கு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அந்நியமாகத் தோன்றுவது அதிகம் இல்லை. நல்ல இறைச்சி மனிதருக்கும் எலும்பு கடவுளுக்கும் போவது ஏன் என்ற கேள்வி அவர்களுக்கே இருந்திருக்கிறது. பிரமீதியஸ் எலும்புகளைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி, தெய்வங்களின் அரசனான ஜீயஸின் முன் வைத்து, அதைத் தேர்ந்தெடுக்கச் செய்தான் என்ற பழங்கதையை எசியட் என்ற புலவர் பாடியிருக்கிறார்.

அர்ச்சகர்களைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்குமான தனிக் குருமார் வகுப்பு என்று ஒன்று கிரேக்கத்தில் இல்லை. சில கோயில்களில் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு இருந்தது. ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவின் பெண் பூசாரி எட்டியோபுட்டாட் என்ற குடும்பத்திலிருந்தே வந்தார். வேறு சில இடங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தினான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் முனையில் உள்ள வெற்றித் தெய்வம் அதீனா நைக்கேயின் பெண் பூசாரி, ஏதென்ஸ் குடிப் பெண்கள் எல்லோரிலிருந்தும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும், அவருக்கு 50 டிராக்மா (வெள்ளி நாணயம்) ஊதியம் என்றும் கல்வெட்டே இருக்கிறது. பெண் தெய்வங்களுக்குப் பெரும்பாலும் பெண்களே பூசாரிகளாக இருந்தார்கள் என்பதைத் தங்களைப் போன்ற வாசகிகள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அரசியல் மன்றத்தில் பேச உரிமையில்லாத ஏதென்ஸ் பெண்களுக்கு, ஊரறிய ஒரு பதவி வகிக்கக் கிடைத்த இடம் கோயில்தான்.

பட்டு சாத்துவதற்கு இணையானதும் உண்டு. ஆண்டுதோறும் ஏதென்ஸில் நடந்த பனத்தினையா விழாவில் அதீனாவுக்குப் புதிய ஆடை சாத்தினார்கள். நகரத்துப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த கம்பளி ஆடை அது. தெய்வங்களுக்கும் அரக்கர்களுக்கும் நடந்த போர் அதில் நெய்யப்பட்டிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை விழா பெரிதாக நடக்கும்போது, சக்கரம் பூட்டிய கப்பல் ஒன்றில் அந்த ஆடையைப் பாய்போல விரித்துத் தெருவழியே இழுத்து வந்தார்கள். தேர் என்று இதைச் சொன்னால் தவறாகாது. ஆனால் ஏறி வந்தது தெய்வத்தின் சிலை அல்ல, தெய்வத்தின் ஆடை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆடை, பெயிடியஸ் என்ற சிற்பி பொன்னும் தந்தமும் கொண்டு பார்த்தினானுக்காகச் செய்த, ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள புகழ்பெற்ற அதீனா சிலைக்குச் சாத்தப்படவில்லை. ஒலிவ மரத்தால் ஆன, எந்த அலங்காரமும் இல்லாத பழைய சிறு சிலை ஒன்று இருந்தது. அது வானத்திலிருந்து விழுந்தது என்று மக்கள் நம்பினார்கள். பின்னாளில் அருகிலுள்ள எரெக்தியம் கோயிலில் குடிகொண்ட அந்த மரச்சிலைக்கே ஆடை போனது. பெரிய சிலையில் பதித்திருந்த பொன் தகடுகளின் எடை 40 தாலந்து, அதாவது ஒரு டன்னுக்கும் சற்று மேல். அவசரத்துக்குக் கழற்றி எடுக்கக்கூடியவையாக அவை பொருத்தப்பட்டிருந்தன என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். பார்த்தினான் நகரத்தின் பெருமையாகவும் கருவூலமாகவும் நின்றது. ஊர்மக்களின் பக்தி பக்கத்துக் கோயிலின் மரச்சிலையிடம் இருந்தது. கட்டடத்தின் பிரமாண்டத்தை வைத்து வழிபாட்டின் ஆழத்தை அளந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: எங்கள் சேர்வராயன் கோயில் மலை உச்சியில் குகைக்குள் இருக்கிறது. கிரேக்கத் தெய்வங்களும் ஒலிம்பஸ் மலையில் இருப்பவர்கள்தானே? அந்த உச்சியில் கோயில் உண்டா? (பள்ளி ஆசிரியை, ஏற்காடு)

ஒலிம்பஸ் மலையின் உயரம் 2,917 மீட்டர். அந்த உச்சி தெய்வங்களின் இருப்பிடமாகக் கருதப்பட்டதே தவிர, தூண்களோடு கூடிய கோயில் அங்கே எழவில்லை. ஜீயஸுக்குப் புகழ்பெற்ற கோயில் அமைந்த ஒலிம்பியா வேறு ஊர். தெற்கே, பெலோப்பொனீஸ் பகுதியில், ஆற்றங்கரைச் சமவெளியில் இருக்கிறது. பெயர் ஒற்றுமையால் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

மலைத் தெய்வம் என்று கேட்டால் நான் தங்களை அதே பெலோப்பொனீஸில் உள்ள ஆர்க்கேடியா என்ற மலைநாட்டின் லைக்கியோன் மலைக்கு அழைத்துச் செல்வேன். சுமார் 1,380 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஜீயஸின் பலிபீடம் இருந்தது. பீடம் என்றால் செதுக்கிய கல் அன்று. தலைமுறை தலைமுறையாக எரித்த பலிகளின் சாம்பலும் எலும்பும் மண்ணோடு சேர்ந்து உயர்ந்த மேடு. அகழாய்வில் அந்த மேட்டிலிருந்து எரிந்த ஆட்டெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பார்த்தினான் கட்டப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே பலி தொடங்கிவிட்டது என்று அவற்றின் காலம் காட்டியது. பீடத்துக்குக் கிழக்கே இரண்டு தூண்களும் அவற்றின் மேல் பொன்முலாம் பூசிய கழுகுகளும் முன்பு இருந்தன என்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியஸ் குறிப்பிடுகிறார்.

அவரே சொல்லும் இன்னொரு செய்தி மலைநாட்டு வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்கும். லைக்கியோன் மலையில் ஹாக்னோ என்ற ஊற்று உண்டு. நெடுநாள் மழை பொய்த்து, விதையும் மரமும் கருகும் காலத்தில், ஜீயஸின் பூசாரி அந்த ஊற்றை நோக்கி வேண்டிப் பலி கொடுத்து, ஓக் மரக் கிளை ஒன்றால் நீரின் மேற்பரப்பை மட்டும் மெல்லக் கலக்குவார். நீரிலிருந்து ஆவிபோல மூடுபனி எழும்பும், அது மேகமாகும், மற்ற மேகங்களைச் சேர்த்துக்கொண்டு ஆர்க்கேடியாவில் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. 1,620 மீட்டருக்கு மேலே, சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரே குகையில் இருக்க, மே மாதத் திருவிழாவில் மலைக் கிராம மக்கள் எல்லோரும் கூடும் உச்சியிலிருந்து பார்த்தால், மழையும் மலையும் தெய்வமும் ஒன்றாகச் சேர்வதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

மலையில் தூண்களோடு நிற்கும் கோயிலையும் மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், அதே ஆர்க்கேடியாவில் 1,130 மீட்டர் உயரத்தில் பாசை என்ற இடத்தில் உள்ள அப்பல்லோ கோயிலின் படத்தைத் தேடிக் காட்டுங்கள். பார்த்தினானின் கட்டடக் கலைஞர் இக்டினஸ்தான் இதையும் கட்டினார் என்கிறார் பவுசானியஸ். கிழக்கு நோக்காமல் வடக்கு நோக்கி நிற்பது, பக்கச் சுவரில் கிழக்கே ஒரு வாசல் திறப்பது என்று இதில் வழக்கத்துக்கு மாறானவை பல. உள்ளூர்ச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆனதால் மலையிலிருந்தே முளைத்தது போலத் தோன்றும். காற்றும் உறைபனியும் அரிப்பதால் 1987 முதல் கோயில் முழுவதையும் பெரிய கூடாரம் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று வகைத் தூண்களைப் பாடத்தில் படிக்கிறோம். இவற்றை எளிதாக அடையாளம் காண்பது எப்படி? (கட்டடக்கலை மாணவி, சேலம்)

தூணின் தலையையும் காலையும் பாருங்கள். டோரிக் தூணுக்குப் பீடமில்லை. மேடையிலிருந்து நேரே எழும், பருமனாக இருக்கும், தலையில் வட்டமான மெத்தைபோன்ற பகுதியும் சதுரப் பலகையும் மட்டுமே இருக்கும். அயோனிக் தூணுக்கு அடியில் வளையங்கள் கொண்ட பீடமும் தலையில் இருபுறமும் சுருண்ட சுருளும் உண்டு. கொரிந்தியனில் போதிகை, அதாவது தூணின் தலை, முழுவதும் முள்ளிலைகள் மலர்ந்திருக்கும். நமக்குத் தெரிந்த மிகப் பழைய கொரிந்தியன் போதிகை, மேலே சொன்ன பாசை கோயிலுக்குள் ஒற்றையாக நின்றது. ஒரு சிறுமியின் கல்லறைமேல் ஓடு மூடி வைத்திருந்த கூடையைச் சுற்றி முள்ளிலைச் செடி வளர்ந்திருந்ததைக் கண்டு கல்லிமாக்கஸ் என்ற சிற்பி இந்த வடிவத்தை அமைத்தார் என்று ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ் கதை சொல்கிறார்.

தேர்வுக்கு இது போதும். ஆனால் டோரிக் கோயிலின் உத்தரத்துக்கு மேலே உள்ள பட்டையைக் கூர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று செங்குத்துப் பட்டைகள் கொண்ட கட்டை ஒன்று, சதுரப் பலகை ஒன்று என்று மாறி மாறி வரும். அந்தக் கட்டையின் கீழே ஆறு சிறு கல் முளைகள் தொங்கும். இவை எதையும் தாங்கவில்லை. மரத்தால் கோயில் கட்டிய காலத்து உத்தர முனைகளும் அவற்றில் அடித்த மர ஆணிகளுமே கல்லில் இவ்வாறு நிலைத்துவிட்டன என்பது விட்ருவியஸ் காலந்தொட்டு வரும் விளக்கம். ஆவுடையார்கோயில் கொடுங்கையின் அடிப்புறத்தில் மரச் சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கியிருப்பதைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். இரு நாட்டுத் தச்சர்களுக்கும் ஒரே ஆசை இருந்திருக்கிறது.

மரம் கல்லாக மாறியதற்கு ஒலிம்பியாவில் உள்ள, ஜீயஸின் மனைவி ஹீராவின் கோயில் கண்கூடான சான்று. கி.மு. 600-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அதில் தூண்கள் முதலில் மரத்தாலானவை. பழுதாகப் பழுதாக ஒவ்வொன்றாகக் கல்தூண் மாற்றினார்கள். அந்தந்தத் தலைமுறையின் பாணியில் மாற்றியதால் ஒரு தூணின் தலை மற்றொன்றைப்போல் இல்லை. பவுசானியஸ் சென்ற காலத்தில், எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், பின்மண்டபத்தில் ஓக் மரத்தூண் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

கேள்வி: சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அவ்வளவு பெரிய கற்களை எப்படி இணைத்தார்கள்? (கட்டட மேஸ்திரி, ஓமலூர்)

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு கற்கள் சேரும் முகத்தை முழுவதும் இழைக்கவில்லை. விளிம்பை மட்டும் சுற்றிலும் ஒரு பட்டையாக மிக நுணுக்கமாக இழைத்து, நடுப்பகுதியைச் சற்றே குழியாகக் கொத்திவிடுவார்கள். விளிம்புகள் மட்டும் ஒன்றோடொன்று படியும். வெளியிலிருந்து பார்த்தால் மயிரிழை இடைவெளிகூடத் தெரியாது, வேலையும் பாதியாகும். பக்கத்துப் பக்கத்துக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். கல்லில் குழி வெட்டி, கவ்வியை வைத்து, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் இரண்டு வேலை செய்தது: இரும்புக்குத் தண்ணீர் போகாமல் தடுத்துத் துருவிலிருந்து காத்தது; நிலநடுக்கத்தின்போது சற்றே இளகிக் கொடுத்துக் கல் வெடிக்காமல் பார்த்துக்கொண்டது.

இதன் அருமை இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. பாலானோஸ் என்ற பொறியாளர் பார்த்தினானைச் சீரமைத்தபோது ஈயம் இல்லாமல் இரும்புக் கவ்விகளைப் பொருத்தினார். அவை துருப்பிடித்துப் பருத்தன. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய பளிங்கு சில பத்தாண்டுகளில் பிளக்கத் தொடங்கியது. 1975-இல் அமைக்கப்பட்ட பாதுகாப்புக் குழுவினர் அந்த இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்தி வருகிறார்கள். கஞ்சமலை இரும்பின் அருகில் வாழும் நமக்கு, இரும்பை வைப்பதைவிட அதை மூடிவைப்பது பெரிய வித்தை என்பது விளங்காமல் போகாது.

தூண் ஒரே கல் அன்று. பத்து, பதினொன்று உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. ஒவ்வோர் உருளையின் நடுவிலும் சதுரக் குழி வெட்டி, அதில் மரக்கட்டையைச் செருகி, நடுவே மர முளை வைத்து மையத்தை நேர்ப்படுத்தினார்கள். அந்த மரத் துண்டுகள் சில இன்றும் கெடாமல் கிடைத்துள்ளன. தூக்குவதற்குக் கப்பி பூட்டிய பாரந்தூக்கி இருந்தது. கயிறு மாட்டுவதற்காகக் கல்லில் குமிழ்களை விட்டுவைத்து, கல் அமர்ந்த பிறகு அவற்றைக் கொத்தி எடுத்துவிடுவார்கள். தூணின் நெடுக்குக் குழிகளும் தூண் எழுந்த பிறகே வெட்டப்பட்டன. முன்கூட்டியே வெட்டினால் ஏற்றும்போது விளிம்பு உடையும். சிசிலித் தீவின் செஜெஸ்டாவில் பாதியில் நின்றுபோன கோயில் ஒன்று இருக்கிறது. அதன் தூண்கள் குழியில்லாமல் உருண்டையாக நிற்கின்றன. படிக்கற்களில் குமிழ்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தங்களைப் போன்றவர்களுக்கு முடிந்த கோயிலைவிட அந்த முடியாத கோயில் அதிகம் கற்றுத்தரும்.

பார்த்தினானில் நேர்கோடு என்று தோன்றுவது எதுவும் நேர்கோடு அன்று. மேடை முகப்பின் நடுவில் சுமார் 6 செ.மீ.யும், நீளப் பக்கத்தின் நடுவில் சுமார் 11 செ.மீ.யும் மேடுதட்டி வளைந்திருக்கிறது. தூண்கள் அனைத்தும் சற்றே உள்நோக்கிச் சாய்ந்துள்ளன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடப் பருமனானவை. ஒவ்வொரு தூணின் நடுவிலும் மெல்லிய புடைப்பு உண்டு. நீண்ட நேர்த்தளம் நடுவில் தொய்ந்ததுபோலக் கண்ணுக்குத் தெரியும் என்பதால் இப்படிச் செய்தார்கள் என்று விட்ருவியஸ் கூறுகிறார். மழைநீர் வடியவும் அது உதவியது. இதன் விளைவாக எந்த இரண்டு கல்லும் மாற்றி வைக்க முடியாதபடி ஒவ்வொரு கல்லும் தன் இடத்துக்கென்றே வெட்டப்பட்டது. இத்தனையையும் கி.மு. 447-இல் தொடங்கி, சிற்பங்கள் உட்பட கி.மு. 432-க்குள் முடித்தார்கள்.

கூலியைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எரெக்தியம் கோயிலின் கணக்கு கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன், அடிமை ஆகிய மூவகையினரும் ஒரே தளத்தில் வேலை செய்து நாளொன்றுக்கு ஒரு டிராக்மா என்று ஒரே கூலி பெற்றிருக்கிறார்கள். அடிமையின் கூலி எசமானனுக்குத்தான் போயிருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சிற்பப் பட்டையில் ஒரு மனித உருவம் செதுக்கியவருக்கு 60 டிராக்மா கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: பார்த்தினான் கட்டிய வெள்ளைப் பளிங்கு நம் சேலத்து வெள்ளைக்கல் போன்றதா? (வாசகர், சூரமங்கலம்)

இல்லை. நம் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். உலைகளுக்குச் செங்கல் செய்யப் பயன்படுவது. பளிங்கு கால்சியம் கார்பனேட். ஏதென்ஸிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள பென்டலிக்கஸ் மலையிலிருந்து அது வெட்டிக் கொண்டுவரப்பட்டது. அந்தப் பளிங்கில் சிறிதளவு இரும்பு கலந்திருப்பதால் நாளாக நாளாக இளந்தேன் நிறம் ஏறியிருக்கிறது.

ஆனால் கட்டிய காலத்தில் கோயில் வெள்ளையாகவும் இல்லை, தேன் நிறமாகவும் இல்லை. மேற்பகுதிக்கு நீலமும் சிவப்பும் தீட்டியிருந்தார்கள். சிலைகளின் கண், உதடு, ஆடைக்கரை எல்லாம் வண்ணத்தில் இருந்தன. குதிரைகளின் கடிவாளம் வெண்கலத்தால் ஆனது. எகிப்திய நீலம் என்ற சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவு எஞ்சியிருந்தாலும் அகச்சிவப்புப் படத்தில் ஒளிரும். பார்த்தினான் சிற்பங்களில் அவ்வாறு அது கண்டறியப்பட்டுள்ளது. நம் கோபுரங்களின் வண்ணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கிரேக்கத்தின் வெண்மையை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அந்த எடுத்துக்காட்டுக்கு அடிப்படையே இல்லை.

கேள்வி: கிரேக்கர்களின் எமனுக்குக் கோயில் உண்டா? (வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பாதாளத்தின் அரசன் ஹேடிஸுக்குக் கோயில் மிக அரிது. எலிஸ் என்ற ஊரில் ஒன்று இருந்ததென்றும், அதை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறந்தார்களென்றும், அப்போதும் பூசாரியைத் தவிர வேறு யாரும் உள்ளே போகவில்லையென்றும் பவுசானியஸ் எழுதுகிறார். நம்மிடம் ஸ்ரீவாஞ்சியத்தில் எமதர்மனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. அங்கே தினமும் வழிபாடு உண்டு.

கேள்வி: மாரியம்மன் கோயிலில் கண்வலிக்குக் கண்மலர், கைகால் நோவுக்கு உருவாரம் வாங்கிப் போடுகிறோம். இப்படிப்பட்ட வேண்டுதல் அங்கே இருந்ததா? (வாசகி, அம்மாப்பேட்டை)

அப்படியே இருந்தது. மருத்துவத் தெய்வமான அஸ்கிளீப்பியஸின் கோயிலைக் கொரிந்து நகரத்தில் அகழ்ந்தபோது, சுட்ட மண்ணால் செய்த கை, கால், காது, கண், மார்பு என உடல் உறுப்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பல ஏறத்தாழ உண்மையான அளவில், மேலே தொங்கவிடத் துளையோடு இருக்கின்றன. கொரிந்து அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் குயவர் வீட்டு உருவாரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையில் எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது.

அஸ்கிளீப்பியஸின் தலைமைத் தலம் எபிடாரஸ். நோயாளிகள் நீராடிப் பலியிட்டு, கோயிலை அடுத்த நீண்ட மண்டபத்தில் இரவு படுத்துறங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து குணமாக்கும், அல்லது மருந்து சொல்லும். விடமற்ற பாம்புகள் அங்கே தெய்வத்தின் உயிருள்ள உருவாக வளர்க்கப்பட்டன. குணமானவர்களின் கதைகளைப் பெரிய கற்பலகைகளில் பொறித்து வைத்தார்கள். அவற்றில் சில இன்றும் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று ஏதென்ஸைச் சேர்ந்த அம்ப்ரோசியா என்ற பெண்ணின் கதை. ஒரு கண்ணில் பார்வையில்லாத அவள், கோயிலைச் சுற்றி வரும்போது கற்பலகைகளைப் படித்து, வெறும் கனவு கண்டதால் முடவனும் குருடனும் குணமாவார்களா என்று சிரித்தாள். அன்றிரவு கனவில் தெய்வம் தோன்றி, 'உன்னைக் குணமாக்குகிறேன். ஆனால் உன் அறியாமைக்கு நினைவாகக் கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பன்றி காணிக்கை வைக்க வேண்டும்' என்றது. பிறகு அவளுடைய கண்ணைக் கீறி மருந்து ஊற்றியது. விடிந்ததும் அவள் பார்வையோடு வெளியே வந்தாள் என்று கல்வெட்டு முடிகிறது. நம்பாதவளின் கதையை மறைக்காமல் கல்லில் வெட்டி வாசலில் வைத்த அந்தக் கோயிலார்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நோயோடு வருகிறவர்களில் பாதிப்பேர் சந்தேகத்தோடும்தான் வருவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கேள்வி: இத்தனை கோயில்களும் ஏன் இடிந்தன? (வாசகர், நாகலூர்)

கி.பி. 391, 392 ஆகிய ஆண்டுகளில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பலியிடுவதையும் கோயில்களில் வழிபடுவதையும் தடைசெய்தார். பூசை நின்ற கோயில்களின் கற்களை வேறு கட்டடங்களுக்கு எடுத்தார்கள். நிலநடுக்கங்கள் மீதியைச் சாய்த்தன. தப்பியவை பெரும்பாலும் தேவாலயங்களாக மாறியதால் தப்பின. பார்த்தினான் முதலில் தேவாலயமாகவும் பின்னர் உதுமானியர் காலத்தில் பள்ளிவாசலாகவும் இருந்தது. அதுவரையில் அதன் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருந்தது. 1687 செப்டம்பர் 26 அன்று வெனிஸ் படையினர் வீசிய குண்டு, உதுமானியர் அதற்குள் சேமித்திருந்த வெடிமருந்தின்மேல் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் ஒரே நாளில் போயிற்று. எஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியை பிரிட்டிஷ் தூதரான எல்ஜின் பிரபு பெயர்த்து எடுத்துச் செல்ல, பிரிட்டிஷ் அரசு 1816-இல் அவற்றை விலைக்கு வாங்கி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்தது. அவை ஏதென்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் கருத்து. வைப்பதற்கு இடமில்லை என்று முன்பு சொல்லப்பட்டது. 2009-இல் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டு, அதன் மேல்மாடியில் அந்தச் சிற்பப் பட்டை பார்த்தினானின் அதே அளவிலும் திசையிலும் அமைக்கப்பட்டு, இல்லாத துண்டுகளுக்கு அச்சுப்படிகள் வைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள மகனைப் பார்க்கப் போகும்போது ஐரோப்பாவில் சில நாட்கள் தங்குவோம். ஒரே ஒரு கிரேக்கக் கோயிலைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? (ஓய்வுபெற்ற தம்பதியர், அஸ்தம்பட்டி)

ஏதென்ஸுக்குப் போக வாய்த்தால் பார்த்தினானுக்கு ஏறுவதற்கு முன் அக்ரோபோலிஸ் குன்றுக்குக் கீழே உள்ள ஹெபெஸ்டஸ் கோயிலைப் பாருங்கள். கொல்லர்களின் தெய்வத்துக்கு, கொல்லர் தெருவை அடுத்துக் கட்டப்பட்டது. நெடுங்காலம் தேவாலயமாக இருந்ததால் தூண்கள் அனைத்தும் நிற்கின்றன; படி ஏற வேண்டிய சிரமமும் குறைவு.

இத்தாலிக்கு மட்டும் போவதானால் நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள பேஸ்டம் போதும். கிரேக்கர்கள் குடியேறிய ஊர் அது. மூன்று டோரிக் கோயில்கள் ஒரே சமவெளியில் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பழையது, கி.மு. 550-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட ஹீரா கோயில். அதன் முகப்பில் தூண்கள் ஒற்றைப்படையாக ஒன்பது இருப்பதால் சரியாக நடுவில் ஒரு தூண் வந்து நிற்கிறது. கருவறைக்குள்ளும் நட்டநடுவே ஒரு தூண் வரிசை ஓடுகிறது. தெய்வத்தை நடுவில் வைக்கவே முடியாத அமைப்பு அது. நூறு ஆண்டுகள் கழித்துப் பக்கத்தில் கட்டிய கோயிலில் முகப்புத் தூண்களை ஆறாக்கி, உள்ளே இரண்டு வரிசையாகப் பிரித்து, நடுவழியைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பழைய கோயிலைப் பார்த்த பிறகு அதன் கிழக்கே திரும்பிச் சில அடி நடந்தால், புல்லுக்கிடையே பலிபீடத்தின் அடித்தளம் இருக்கும். பெரும்பாலான பயணிகள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கே நின்று கோயிலைப் பாருங்கள்.